கழுதைக்குக் கீழே இருபத்திரண்டு அங்குலம்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்து நாலாம் வயதில், பி.ஏ. பட்டமும் கழுத்துவரை பித்தான் போட்ட சட்டையுமாக, பட்டப்பகலில், ஏறக்குறைய அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அரியலூரில் ஒரு சுண்ணாம்புக் காளவாய்க்கு எதிரே, கழுதை ஒன்றின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை தவழ்ந்து போனவன் நான். பந்தயம் எதுவும் இல்லை. குடித்திருக்கவும் இல்லை. கல்லூரியில் இரண்டு ஆண்டு தர்க்கசாஸ்திரம் படித்து நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். அன்று அந்தத் தர்க்கம் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் புத்தி இருந்தது. காளவாய்க்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

என்னைத் தவழ வைத்தவர் டிராலி துரை. உலகத்தில் பிடிவாதம் என்று மொத்தம் எவ்வளவு இருக்கிறதோ, அதில் பாதியை அவர் ஒருவரே எடுத்துக்கொண்டுவிட்டார். மீதியைத்தான் கழுதைகளுக்கும் நமக்குமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

துரைக்கு ரயில்வேயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்பெக்டர் வேலை. நாலு பேர் தள்ளிக்கொண்டு ஓட, டிராலியில் குடைக்கு அடியில் உட்கார்ந்து, தண்டவாளத்தின் மீது வைத்த கண்ணை எடுக்காமல் போவார். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சரியாக உச்சரிக்க முயன்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவருக்கு நாக்குச் சுளுக்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். அதன் பிறகு யாரும் முயலவில்லை.

தமிழை அவர் டிராலி தள்ளுபவர்களிடமும் கேங்மேன்களிடமும் கற்றுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் செட்டிகுளத்துக் குடியானவர் ஒருவர் மழை இல்லாததைப் பற்றி வருத்தப்படுவது போலிருக்கும். கண்ணைத் திறந்தால் பூனைக்கண்ணும் சிவந்த மூக்குமாக ஆறடியில் ஓர் ஆள். மேலதிகாரிகளிடம் கச்சிதமான இங்கிலீஷ் பேசுவார். மற்றபடி அனைவரும் 'யோவ்'தான். என்னை மட்டும் 'தம்பி' என்பார். அவர் ஆபீசில் நான்தான் தற்காலிகக் குமாஸ்தா.

அவரை 'வெள்ளைக்காரர்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூக்கு மேலும் சிவந்துவிடும்.

"நான் அயர்லாந்துக்காரன்யா! வெள்ளக்காரன் எங்க ஊரையும்தான் புடிச்சி வச்சிருந்தான்."

"சரிங்க தொரை," என்பான் மாணிக்கம். டிராலி தள்ளுபவர்களில் மூத்தவன். "அப்பறம் நீங்க ஏங்க இம்புட்டு வெள்ளையா இருக்கீங்க?"

"எங்கூர்ல வெயில் கம்மிய்யா!"

யுத்தகாலத்தில் 'வெள்ளையனே வெளியேறு' என்று ஓர் ஊர்வலம் ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததாம். துரை ஆபீசிலிருந்து பாய்ந்து வந்து, கூட்டத்துக்கு முன்னால் நின்று, தாமும் கையைத் தூக்கி அதையே கத்தினாராம். யாரை வெளியேறச் சொல்வது என்று தெரியாமல் கூட்டம் கலைந்து போயிற்றாம். இது நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய சங்கதி, மாணிக்கம் சொன்னது. மாணிக்கம் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி நன்றாகத்தான் இருக்கும்.

துரை அவர் அப்பாவுக்கு ஏழாவது மகன். அந்த அப்பாவும் தம் அப்பாவுக்கு ஏழாவது மகன். அப்படிப் பிறந்தவன் கையில் நோய் தீர்க்கும் குணம் தானாக வந்துவிடும் என்பது அவர்கள் நாட்டு நம்பிக்கை. படிக்க வேண்டியதில்லை. துரையும் படிக்கவில்லை. மருந்தே இல்லாத ஊரில் டாக்டரின் துணிச்சலோடு நடமாடினார்.

முதல் பலி அவரேதான். முட்டிவலிக்கு அவர் ஊர் வைத்தியம், ஓர் உருளைக்கிழங்கைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவது. கிழங்கு காயக் காய வலியும் காய்ந்துவிடும். யுத்தகாலத்து அரியலூரில் உருளைக்கிழங்குக்கு எங்கே போவது? கிழங்கு கிழங்குதானே என்று சந்தையில் கருணைக்கிழங்கு வாங்கினார். முழுசாகப் பைக்குள் போகவில்லை என்று பாதியாக வெட்டிப் போட்டுக்கொண்டார். மறுநாள் டிராலி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் துரை குடையைத் தூக்கி எறிந்துவிட்டு டிராலி மீதே எழுந்து நின்று ஆட ஆரம்பித்தார்.

"முட்டி வலி எப்பிடிங்க தொரை இருக்கு?" என்று மாணிக்கம் ஓடிக்கொண்டே கேட்டிருக்கிறான்.

"வலியா? அத நெனைக்க எங்கய்யா நேரம்!"

வைத்தியம் பலித்துவிட்டது என்று அன்று ஆபீசில் எனக்கு விளக்கினார். தொடையைச் சொறிந்துகொண்டே விளக்கினார்.

சகுனம் இன்னொரு தனி இலாகா. புறப்படும்போது செம்பட்டை முடியுள்ள பெண் எதிரே வந்தால், அவர் ஊரில் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அரியலூரில் அந்த அபாயம் இல்லையே என்று நினைப்பீர்கள். இருந்தது. பெயர் அங்காயி. சுண்ணாம்புக் கல் சுமக்கும் ஏழு கழுதைகளுக்குச் சொந்தக்காரி. காளவாய்ப் புழுதியும் வெயிலும் சேர்ந்து அவள் தலைமுடியை நல்ல தாமிர நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தன. காலையில் டிராலி லெவல் கிராசிங்குக்கு வரும் அதே நேரத்துக்கு அங்காயியின் கழுதைகளும் வரும். துரை தலையில் அடித்துக்கொண்டு, "திருப்புய்யா!" என்பார். டிராலி ஸ்டேஷனுக்குத் திரும்பும்.

இதில் வேடிக்கை, காலையில் துரையின் சிவந்த முகத்தில் விழித்தால் காளவாய் எரியாது என்பது அங்காயியின் சகுனம். அவளும் காறித் துப்பிவிட்டுக் கழுதைகளைத் திருப்புவாள். இருவரும் அவரவர் இடத்துக்குப் போய், தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, மறுபடி புறப்படுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே தூரமாதலால் மறுபடி அதே கேட்டில் சந்திப்பார்கள். ஒருநாள் இப்படி நாலு தடவை நடந்து, தண்டவாளமும் பார்க்கப்படவில்லை, சுண்ணாம்பும் வேகவில்லை. கேட்காரர் கேட்டை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

இந்த நிலைமையில் எனக்கு இருமல் வந்தது.

சாதாரண இருமல் இல்லை. கக்குவான். ஐந்து வயதில் வர வேண்டியது, எனக்கு எல்லாமே தாமதம் என்பதால், இருபத்து நாலில் வந்தது. ஒரு தடவை பிடித்தால் முகம் கறுத்து, கண்ணில் நீர் பெருகி, கடைசியில் சேவல் கூவுவது போல் ஒரு மூச்சு இழுக்கும். ஆபீசில் கொடுத்த இருமல் மிக்ஸ்சர் இரண்டு புட்டி குடித்தேன். புட்டிகள்தான் தீர்ந்தன.

இருமலோடு போயிருந்தால் கவலையில்லை. என் வேலை நிரந்தரமாக வேண்டுமானால் பன்னிரண்டு நாளில் திருச்சியில் ரயில்வே டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். நாள்பட்ட இருமல் என்றால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே வியாதிதான் நினைவுக்கு வரும். அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள்; நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்கள். டாக்டரும் நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் வேலை போகும். வேலை போனால் கல்யாணம் போகும். உடையார்பாளையத்துப் பக்கம் நிலமும் மாடும் உள்ள ஒரு குடும்பத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் சொன்னது ஒன்றே ஒன்று: "வேலை பர்மனெண்ட் ஆவட்டும், மறுநாளே தேதி வச்சிருவோம்."

பெண் பார்க்கப் போனபோது, அவள் தலைகுனியவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். தலைகுனிந்தது நான். குனிந்த அந்த நிமிஷத்திலேயே, பூமி பிளந்தாலும் இந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்த முடிவுகள் குறைவு. அதனால் அதை விட மனசில்லை.

நான் கூவி முடித்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில் துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, இது கக்குவான். எங்கூர்ல இதுக்கு வைத்தியம் இருக்கு. வெள்ளையும் பழுப்புமா திட்டுத் திட்டா இருக்குற குதிர மேல ஒருத்தன் வருவான். அவன நிறுத்தி, 'கக்குவானுக்கு என்னா மருந்து?'ன்னு கேக்கணும். அவன் என்னா சொல்றானோ அதான் மருந்து."

"அவர் வைத்தியருங்களா?"

"இல்ல."

"அப்ப அவருக்கு எப்படிங்க தெரியும்?"

"அவனுக்குத் தெரியாது. தெரியணும்னு யாரு சொன்னா? திட்டுக்குதிர மேல உக்காந்துருக்கான்ல? அது போதும்."

திட்டுக்குதிரை பெரம்பலூரில் இருப்பதாக மாணிக்கம் கண்டுபிடித்து வந்தான். ஜட்கா ஓட்டும் காதர் பாயுடையது. மறுநாள் விடுமுறை போட்டுவிட்டு, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் நானும் துரையும் பெரம்பலூருக்குப் போனோம். அது மேட்டில் நின்றுவிடும். இறங்கித் தள்ள வேண்டும். நான் இருமினேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு எழுந்தே நின்றார்கள். பாதி வழியில் எங்கள் இருவருக்கும் ஏழு சீட்டு இருந்தது.

காதர் பாய் ஜட்கா நிலையத்தில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். துரை விஷயத்தைச் சொல்லாமல், "பாய், வண்டிய அவுத்துட்டுக் குதிர மேல ஏறுங்க," என்றார்.

"துரை சாப், இது இழுக்குற குருதை. ஏறுற குருதை இல்ல."

"ஏறுங்க பாய். ஒரு புள்ளையோட உசுரு இருக்கு இதுல."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். உயிர் இருப்பதாக நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் துரை சொன்னால் சொன்னதுதான் என்று அந்த வட்டாரத்துக்கே தெரியும். ஏறினார். முதுகில் ஆள் ஏறி அறியாத அந்தக் குதிரை, இது என்ன புதுப் பழக்கம் என்பது போல் நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றியது. சுற்றும் பாய்க்கு எதிரே துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு பயபக்தியோடு கேட்டார்:

"பாய், இந்தத் தம்பிக்குக் கக்குவான். என்னா மருந்து?"

"யா அல்லா!" பாய் பிடரிமயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "காலைலேர்ந்து ஒரு சவாரி இல்ல. குருதை மேல ஏத்தி உக்கார வச்சி வைத்தியம் கேக்குறீங்களே, நான் என்னா ஹக்கீமா? என்னய ஏன் கேக்குறீங்க? போயி ஒரு கழுதயக் கேளுங்க!"

துரையின் முகம் விளக்கு ஏற்றினாற்போல் ஆயிற்று.

"கேட்டியா தம்பி? கழுத! எங்கூர்லயும் கழுததான்! மூணு தடவ அது வயித்துக்குக் கீழ பூந்து வரணும். எங்கயோ பெரம்பலூர்ல இருக்குற பாய்க்கு இது எப்பிடித் தெரிஞ்சிச்சின்னு சொல்லு பாப்போம்!"

"அவர் கோபத்துல சொன்னாருங்க."

"கோவமோ தாவமோ, சொன்னாரா இல்லியா?"

சொல்லத்தான் சொன்னார். மறுத்துப் பேச நல்ல வாதங்கள் நாலைந்து கைவசம் இருந்தன. முதல் வாதத்துக்கு வாயைத் திறந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. கூவி முடித்து நிமிர்ந்தபோது ஒரு வாதமும் மிச்சமில்லை. திருச்சிக்கு இன்னும் பத்து நாள். பாய் குதிரையிலிருந்து இறங்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டையும் பார்த்தேன். "சரிங்க," என்றேன்.

கழுதை என்றால் அங்காயி. துரை அவளைத் தேடிக்கொண்டு தாமே காளவாய்க்குப் போனது அரியலூர் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. செம்பட்டை முடி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு, தொப்பிக்குள்ளிருந்து பேசினார். சிவந்த முகம் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அங்காயி திரும்பி நின்று, கழுதையைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"எங்கழுத என்னா ரயில் பாலமா, கீழ பூந்து போறதுக்கு?"

"கக்குவானுக்கு அதாம்மா வைத்தியம்."

"கக்குவானுக்குக் கழுதப்பாலு. சங்குல ஊத்தி மூணு நாளு குடுத்தா நின்னுரும். கல்லங்குறிச்சிப் பெருமா மேல சத்தியமாச் சொல்றேன், ஒலகத்துக்கே தெரிஞ்ச வைத்தியம். அத வுட்டுட்டு வயித்துக்குக் கீழ போவுறாராம். தொர, படிச்சவுங்க நீங்களே இந்த மாதிரி மூட நம்பிக்கையெல்லாம் வச்சிக்கலாமா?"

"கழுதப்பாலக் குடிச்சா இருமல் போவும்னு சொல்றியே, அதாம்மா மூட நம்பிக்கை!"

இரண்டு பகுத்தறிவாளர்களுக்கு நடுவில் நான் இருமிக்கொண்டு நின்றேன். இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்திருந்தால் என் மானத்தில் பாதியாவது தப்பித்திருக்கும். கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. அங்காயி கழுதை தருவாள். ஆனால் அதற்கு முன் மூன்று நாள் நான் அவள் கண்ணெதிரே கழுதைப்பால் குடிக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பால் புகட்டும் சங்கில்தான் குடிக்க வேண்டும். டம்ளரில் குடித்தால் பலிக்காது. மீசை வைத்துக்கொண்டு சங்கில் பால் குடித்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதலாம். ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்கும்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கழுதையைப் பார்த்தவுடனே துரைக்கு ஒரு சிக்கல் தெரிந்துவிட்டது. அவர் ஊரில் குழந்தைகளைத்தான் கழுதைக்கு அடியில் கொடுத்து வாங்குவார்கள். நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். அங்காயியின் கழுதையோ என் இடுப்புக்குச் சற்று மேலே.

வேறு யாராயிருந்தாலும் திரும்பிப் போயிருப்பார்கள். துரை தண்டவாள இன்ஸ்பெக்டர். ரயில் எந்தப் பாலத்துக்குக் கீழே போகும், எதற்குக் கீழே போகாது என்று அளப்பது அவருக்குத் தினசரி வேலை. நாடாவை எடுத்துக் கழுதையின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே அளந்தார். என்னைத் தவழச் சொல்லி என் முதுகு உயரத்தை அளந்தார். நோட்டில் குறித்தார். மாணிக்கத்தையும் மற்ற மூன்று பேரையும் அனுப்பி, ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ஸ்லீப்பர் கட்டை இரண்டைக் கொண்டுவரச் செய்தார். முன்காலுக்கு ஒன்று, பின்காலுக்கு ஒன்று. கட்டைகள் ஆடாமல் ஜல்லி போட்டுக் குத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். "முன்னாடி கால் அங்குலம் தூக்கியிருக்குய்யா," என்று மறுபடி குத்த வைத்தார். கழுதையை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, கடைசியாக அளந்து, "கிளியரன்ஸ் இருபத்திரண்டு அங்குலம்," என்று அறிவித்தார். எந்த ரயில் பாலத்தையும் அவர் அவ்வளவு கவனமாக அளந்து நான் பார்த்ததில்லை.

வண்டிகள் குறுக்கே வந்து கழுதையை மிரட்டிவிடக் கூடாதென்று பாதையின் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடியோடு ஆள் நிறுத்தினார். ரயில்வேக் கொடியைக் கண்டால் நம்மவர்கள் நின்று பார்க்காமல் போவார்களா? பத்து நிமிஷத்தில் அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"என்னாய்யா, கழுதக்கி ஸ்டேசன் கட்றாங்களா?"

"இல்ல, ஆபீசு ஐயா அடில பூந்து போவப் போறாரு."

"ஏன், மேல வழி இல்லியா?"

முதல் தடவை போய் வந்தேன். கூட்டம் சிரித்தது. இரண்டாம் தடவை போய் வந்தேன். கூட்டம் எண்ணியது. வெட்கத்துக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் ஒரு பிடிவாதம் வந்துவிடும். எனக்கு வந்துவிட்டது. அறுபது பேர் என்ன, ஆறு ஜில்லா கூடினாலும் மூன்றாவது முறையை முடித்துவிட்டுத்தான் எழுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

பாதி தூரத்தில் நின்றுவிட்டேன். முன்னே போக முடியவில்லை. என் வேட்டியின் நுனியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் கழுதை. கட்டையிலிருந்து ஒரு பின்காலை இறக்கி, என் வேட்டி மேல் வைத்துக்கொண்டு, அமைதியாக நின்றது.

"பின்னால வராத!" துரை மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "பின்னால வந்தா எல்லாம் வீணு. மறுபடி மொதல்லேர்ந்து!"

"முன்னால வந்தா வேட்டி வராதுங்க!"

"வேட்டிய வுட்டுட்டு வா!"

அங்காயி கழுதையை அதட்டினாள். அது காதைக்கூட அசைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் கூட்டத்துக்குப் பின்னால் மாணிக்கத்தின் குரல் கேட்டது. யாரிடமோ மிக மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆபீசுல இல்லீங்க. ஐயா கழுதக்கிக் கீழ இருக்காருங்க. இப்ப வெளில வந்துருவாரு, செத்த நில்லுங்க."

கழுதையின் நாலு கால்களுக்கு இடையே ஐந்தாவது, ஆறாவது கால்கள் தெரிந்தன. சேற்றுழவு கண்ட அகலமான பாதங்கள், புதுச் செருப்பு. தலையைச் சாய்த்து மேலே பார்த்தேன். உடையார்பாளையத்திலிருந்து என் வருங்கால மாமனார். மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"வாங்க மாமா," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கழுதையின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே பிடித்து, மாட்டுக்கு லாடம் பார்ப்பது போல் மெல்லத் தூக்கினார். வேட்டி விடுபட்டது. நான் முன்பக்கமாக வெளியே வந்தேன். துரை எழுந்து நின்று கைதட்டினார். கூட்டமும் கைதட்டியது. மாமனார் தட்டவில்லை. காலைக் கட்டையின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, "போயிக் கை காலக் கழுவுங்க," என்று மட்டும் சொன்னார். காபிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கல்யாணம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. அதாவது, ஆரம்பிக்காமலே முடிந்தது. மறுநாள் ஆபீசில் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். துரை என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"வேலய மொதல்ல புடி தம்பி," என்றார். "பொண்ணு வூட்ட நான் போயிப் பாத்துப் பேசுறேன்."

அவர் போய்ப் பேசினால் என்னவாகும் என்று நினைத்ததில் எனக்கு இருமல்கூட மறந்துபோயிற்று.

மறந்தது மறந்ததுதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் லேசாக வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை. பால் வேலை செய்துவிட்டது என்று அங்காயி காளவாயில் சொன்னாள். கழுதை வேலை செய்துவிட்டது என்று துரை ஸ்டேஷனில் சொன்னார். காதர் பாய்கூடச் செய்தி கேட்டு, தம் வாக்கு பலித்துவிட்டதாக ஜட்கா நிலையத்தில் சொல்லிக்கொண்டாராம்.

திருச்சிக்குத் துரையும் கூட வந்தார். டாக்டர் என் கண், பல், நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, அடிவயிற்றில் விரலை வைத்துக்கொண்டு, "இருமு," என்றார்.

இரண்டு மாதமாக யாரும் கேட்காமலே இரவு பகலாக இருமியவன் நான். இப்போது கேட்கிறார்கள், வரவில்லை. முக்கினேன். முனகினேன். பூனைக்குட்டி தும்மினாற்போல் ஒரு சத்தம் வந்தது. "இருமக்கூடத் தெரியவில்லையே உனக்கு," என்று அலுத்துக்கொண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் துரை தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். "பாஸ்," என்றேன். அவர் திரும்பி மூக்கைச் சிந்தினார். வெயில் என்றார். மரத்தடியில் வெயில் இல்லை.

அரியலூர் திரும்பினால் உடையார்பாளையத்திலிருந்து கடிதம். பிரிக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். கடைசியில் துரையே பிடுங்கிப் பிரித்து, தமிழ் படிக்கத் தெரியாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வேலை நிரந்தரமானது தெரிந்தவுடன் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம், தை மாதத்தில் இரண்டு நாள் பார்த்திருக்கிறேன், எது சௌகரியம் என்று எழுதியிருந்தார் மாமனார். கழுதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கல்யாணத்துக்குத் துரை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மறக்காமல் பெல்ட்டும் போட்டுக்கொண்டு வந்தார்.

சுதந்திரம் வந்த அடுத்த ஆண்டு அவர் ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்ப நான் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ரயில் நிற்பது கொஞ்ச நேரம். 'நன்றி' என்ற வார்த்தைக்கு வந்தேனோ இல்லையோ, துரை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் வாயைப் பொத்திவிட்டார்.

"சொல்லாத! வைத்தியம் பாத்தவனுக்கு அத மட்டும் சொல்லவே கூடாது. சொன்னா வைத்தியம் செத்துரும், சீக்கு திரும்பி வந்துரும்."

"எத்தன நாளைக்குங்க சொல்லக் கூடாது?"

"ஆயுசுக்கும் கூடாது."

வண்டி நகர்ந்த பிறகும் கையை ஆட்டி வாயைப் பொத்திக் காட்டிக்கொண்டே போனார். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு கடிதம் போட்டார். நானும் போட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சேற்றைத் தாண்டுவது போல் ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டுதான் எழுதினேன். இப்போது அவரும் இல்லை. இந்தக் கட்டுரையையும் யாரும் அந்த வார்த்தையாக எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். எனக்கு இன்னும் இருமல் வராமலிருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ள ஆசை.

சென்ற மாதம் மாமனாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அறுபது பேர் சிரித்தும் எடுத்த காரியத்தை விடாமல் முடித்தேனே, அந்த உறுதியைப் பார்த்துத்தானே மாமா சம்மதித்தீர்கள்?"

அவர் உள்ளே என் மனைவி இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உறுதியா? அட, நீங்க ஒண்ணு மாப்ள. எம் பொண்ணு கொணம் எனக்குத் தெரியாதா? அதுக்கு மின்னாடி நாலு எடம் பாத்தேன், நாலும் மீசைய முறுக்குற பயலுவ. யாரு எதச் சொன்னாலும் கேட்டுக்கிட்டுக் கழுத வயித்துக்குக் கீழ பூந்து வர்ற புள்ள நமக்கு வேற எங்க கெடைக்கும்னுதான் ஓடிப்போயித் தேதி பாத்தேன்."